அச்சில் வார்த்த காந்தாரம்

புனேவுக்கு வடக்கே சாகணில் பஜாஜ், மகிந்திரா, மெர்சிடிஸ் பென்ஸ் என்று வரிசையாக வாகன ஆலைகள். ஃபோக்ஸ்வேகன் ஆலை 2009-இல் திறக்கப்பட்டது. அங்கே தரம் என்றால், முதல் கதவும் ஆயிரமாவது கதவும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருப்பது. அதே ஊரில் ஒருவர் வாடகை அறையில் மடிக்கணினியும் சின்னக் கீபோர்டும் வைத்து இசை கோத்தால், அவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். ஒரே ஒலி இரண்டு முறை அச்சு அசலாக வந்தால் காது பிடித்துவிடும்.

அவர் வாசிப்பவை சாம்பிள் கருவிகள். ஒரு கலைஞரை ஸ்டுடியோவில் உட்காரவைத்து, ஒவ்வொரு சுரத்தையும் மெல்லவும் ஓங்கியும் வாசிக்கச் சொல்லிப் பதிந்து, அந்தத் துண்டுகளைக் கட்டைக்குக் கட்டை பிரித்துவைத்த தொகுப்புதான் ஒரு சாம்பிள் லைப்ரரி.

இதன் பெரிய பலம், எளிதில் கைக்கு எட்டுவது. 1979-இல் வந்த ஃபேர்லைட் என்ற சாம்பிள் கருவி பெரிய ஸ்டுடியோக்களுக்கு மட்டுமே கட்டுப்படியானது. தமிழ் சினிமாவில் 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்காக இளையராஜா கணினியைத் தொட்டார். 1992-இல் 'ரோஜா' வந்தபோது, வீட்டு ஸ்டுடியோவிலிருந்தே ஒரு புதிய ஒலி பிறக்கும் என்று ரஹ்மான் காட்டினார். 1998-இல் கிகாசாம்பிளர் என்ற மென்பொருள், நினைவகம் போதாத தடையை உடைத்தது. ஒலியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்து மீதியை வன்தட்டிலிருந்து படிக்கும் உத்தி அது. இன்று பிபிசி சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவின் சிறிய தொகுப்பே இலவசமாகக் கிடைக்கிறது. வயலின் கோஷ்டிக்குக் காசில்லாதவரும் இயக்குநரிடம் ஒரு மாதிரியைப் போட்டுக்காட்ட முடிகிறது.

ஆனால் தொகுப்பை இறக்கினால் மட்டும் போதாது. அமைப்பில்தான் பாதி வேலை. கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் 1024-இல் இருந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸில் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 23 மில்லி விநாடி தாமதம். தபலாவை விரலால் தட்டுபவருக்குத் தாளம் வழுக்கும். 128-க்கு இறக்கினால் தாமதம் 3 மில்லி விநாடிக்குள் அடங்கும். ஆனால் கணினி திணறலாம். வாசிக்கும்போது குறைத்து, மிக்ஸிங்கில் ஏற்றிக்கொள்வதே வழக்கம். அடுத்தது வெலாசிட்டி. 1 முதல் 127 வரை அழுத்தத்துக்கு எண் உண்டு. எல்லாவற்றையும் 100-இல் நிறுத்திவைத்தால் மிருதங்கமும் தையல் மெஷின் போல ஓடும். ஒரே அடியைப் பல தடவை பதிந்து மாற்றி மாற்றி ஒலிக்கவிடும் 'ரவுண்ட் ராபின்' ஏற்பாடு இந்தச் சலிப்பைப் போக்கவே வந்தது.

தட்டும் கருவிகளுக்கு இது போதும். பியானோவில் அடித்த பிறகு சுரம் வளையாது. அங்கே சாம்பிள் கிட்டத்தட்ட வென்றுவிட்டது. கர்நாடக இசையில் நிலைமை வேறு. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஊசலாடும். கட்டையை அழுத்தினால் கிடைப்பது அசையாத காந்தாரம், அதாவது தோடி அல்லாத ஒன்று. கீபோர்டில் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தின் வழக்கமான எல்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். கணக்குப்படி மேலே மத்யமம், கீழே ரிஷபம், இரண்டும் எட்டும். ஆனாலும் காது ஏற்காது. வீணையில் தந்தியை இழுக்கும்போது குடம் அப்படியே இருக்கும். மென்பொருள் பதிவையே இழுப்பதால் குடமும் சேர்ந்து சுருங்கி விரிவதுபோல் கேட்கும்.

கமகங்களையே துண்டுகளாகப் பதிந்து விற்பவர்களும் உண்டு. கேட்க இனிமைதான். ஆனால் அந்தத் துண்டை வாங்கிய அத்தனை பேர் பாட்டிலும் அதே வளைவு, அதே மூச்சு. சாகண் ஆலைக்குப் பெருமையான சமாச்சாரம் இங்கே குறையாகிறது. உழைப்பின் கணக்கும் இடிக்கிறது: ஒப்பந்தத்தில் பங்கு எழுதாவிட்டால், ஒருநாள் கூலிக்கு வாசித்தவரின் ஒலி ஆண்டுக்கணக்கில் பிறர் படங்களில் வேலை செய்யும், அவருக்கு அழைப்பு வராது.

இந்த வழக்கு பழையது. கமகம் வராது, சுருதி வெளிநாட்டுக் கணக்கு என்று சொல்லி 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கியது; 1971 வரை அது நீடித்தது. குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆனால் அதே கருவியோடு புனேவின் அப்பா ஜல்காவ்கர், பீம்சேன் ஜோஷி போன்ற பாடகர்களுக்குத் துணையாக அமர்ந்து பெயர் வாங்கினார். கட்டையால் முடியாததை வலிந்து செய்யாமல், முடிந்ததைக் கூர்மையாக்கிய வாசிப்பு அது.

சாம்பிளுக்கும் அந்தப் பாகுபாடு தேவை. தாளம், பியானோ, பின்னணியில் படரும் வயலின் கூட்டம் இவற்றைத் தொகுப்பிடம் விடலாம். மேலே ஒரே ஒரு புல்லாங்குழலையோ வயலினையோ நேரில் வாசிக்கவைத்துப் பதிந்தால், கீழே உள்ள அச்சு ஒலிகள் காதில் பாதியாவது மறையும் என்பது ஸ்டுடியோக்காரர்கள் அறிந்த உத்தி. நேரில் வாசிக்க ஆள் இல்லாதவர், பிட்ச் பெண்ட் சக்கரத்தைக் கொண்டே கர்நாடகக் கச்சேரி செய்யும் கீபோர்டு சத்யநாராயணனைக் கவனிக்கலாம்: வலக்கை கட்டையில் சுரத்தைத் தொடும்போது, இடக்கை அந்தச் சுரத்தை நிற்கவிடாமல் அசைத்துக்கொண்டே இருக்கும்.