கேட்டும் கிடைக்காதவர்களின் சாட்சி

நம் சபைகளில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. உபவாச ஜெபம் முடிந்ததும், ஆண்டிறுதி ஸ்தோத்திர ஆராதனையிலும் மைக்கைக் கையில் வாங்கி, “பல வருஷம் ஜெபித்தோம், கர்த்தர் குழந்தையைக் கொடுத்தார்” என்று தழுதழுத்த குரலில் சொல்வார்கள். அந்த நன்றி உண்மையானது. ஆனால் அத்தனை வருஷமும் அதே கண்ணீரோடு ஜெபித்து, கேட்டது கிடைக்காத குடும்பமும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் கைக்கு மைக் போவதில்லை. விடாமல் ஜெபிக்கும் பழக்கத்தை உயிராக மதிப்பவன் நான். அதன் பலத்தையும் பழுதையும் அந்த பெஞ்சில் இருந்துதான் எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பழக்கத்துக்கு ஆதாரமாகப் பிரசங்கங்களில் முதலில் வருபவள் லூக்கா 18-ஆம் அதிகாரத்து விதவை. கடவுளுக்கும் பயப்படாத, மனுஷரையும் மதிக்காத நியாயாதிபதியிடம் அவள் திரும்பத் திரும்பப் போகிறாள். தொல்லை தாங்காமல் அவன் இறங்கி வருகிறான். இதைக் கேட்டுவிட்டு, கடவுளையும் அப்படியே நச்சரித்து இறங்கவைக்கலாம் என்று புரிந்துகொள்பவர்கள் ஏராளம். உவமை போகும் திசை வேறு. அநீதியுள்ளவனே கடைசியில் செவிகொடுத்தான் என்றால், நீதியுள்ள கடவுள் செவிகொடுக்காமல் இருப்பாரா என்பதே இயேசுவின் கேள்வி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்த விதவை கேட்டது வசதியை அல்ல, நியாயத்தை. கேட்டுக்கொண்டே இருந்ததால் அவள் அநியாயத்துக்குப் பழகிப்போகவில்லை. விடா ஜெபத்தின் பெரிய பலமாக நான் காண்பது இதுதான். தினமும் ஒன்றுக்காக முழங்கால் போடுகிறவரால், இப்படித்தான் இருக்கும் என்று அதை எளிதில் கைவிட்டுவிட முடியாது.

இந்தப் பலத்தை ஒரு வாழ்நாள் முழுவதும் காட்டியவர் ஜார்ஜ் முல்லர். பிரஷ்யாவில் 1805-இல் பிறந்து ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த மிஷனரி சீகன்பால்கை உருவாக்கியதும் அதே ஹாலேதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836-இல் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு வாடகை வீட்டில் இல்லம் தொடங்கினார். எந்த மனிதரிடமும் பணம் கேட்பதில்லை, கடனுக்குப் பொருள் வாங்குவதில்லை, தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொல்வது என்பது அவர் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. ஆஷ்லி டவுனில் 1849-இல் முந்நூறு பிள்ளைகளுக்கான முதல் கட்டடம் எழுந்தது. 1870-க்குள் ஐந்து கட்டடங்களில் இரண்டாயிரம் பேருக்குமேல் இடமிருந்தது. ஞாயிறு பள்ளியில் நமக்குச் சொல்வதெல்லாம், சாப்பாடில்லாத காலையில் கதவைத் தட்டிய ரொட்டிக்காரரின் கதை. என்னை அதிகம் தொடுவது அவருடைய கணக்குப் புத்தகம். வந்த ஒவ்வொரு பைசாவையும் எழுதிவைத்து, ஆண்டறிக்கையாக அச்சிட்டு ஊரறியக் காட்டினார்.

அந்த அறிக்கைகளை வைத்தே அவரை விமர்சித்தவர்களும் உண்டு. ‘யாரிடமும் கேட்கவில்லை’ என்று அச்சிட்டு ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்புவதும் ஒருவகைக் கேட்பதுதானே என்றார்கள். நியாயமான கேள்வி. முல்லருக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். பணமுடை கடுமையாக இருந்த 1841-இன் இறுதியில், அறிக்கை வந்தால் அது உதவி கேட்பதுபோல் ஆகிவிடும் என்று அதைத் தள்ளிவைத்தார். அவருடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. எனக்கு உறுத்துவது வேறொன்று. பணமின்றி மூடப்பட்ட இல்லங்கள் ஆண்டறிக்கை வெளியிடுவதில்லை. அதே விசுவாசத்தோடு தொடங்கித் தோற்றவர்களின் கணக்கு நமக்குக் கிடைக்காதபோது, கிடைத்த ஒரு கணக்கை மட்டும் வைத்து ‘இப்படி ஜெபித்தால் இப்படி நடக்கும்’ என்று விதி செய்வது தவறு. முல்லரின் வீட்டிலேயே பதில் எப்போதும் அவர் விரும்பியபடி வரவில்லை. சிறு குழந்தையாயிருந்த மகனை 1835-இல் இழந்தார். மனைவி மேரி 1870-இல் இறந்தபோது, கர்த்தர் நல்லவர் என்ற பொருளில் அவரே அடக்கப் பிரசங்கம் செய்தார். முல்லரை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை.

வராததன் விலையை நோயாளிகள் கொடுக்கிறார்கள். குணமாகவில்லையா, விசுவாசம் போதவில்லை. இன்னும் உபவாசம் இரு, மறைவான பாவம் இருக்கிறதா பார். புற்றுநோயோடு படுத்திருப்பவர்மேல் இதைச் சுமத்துவது கொடுமை. மாத்திரையை நிறுத்துவதே விசுவாசம் என்று போதிப்பது அதைவிடக் கொடுமை. அமெரிக்காவில் 2006-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். தங்களுக்காக ஜெபம் உண்டா இல்லையா என்று தெரியாதவர்களில் ஜெபிக்கப்பட்டவர்களுக்கும் படாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்குச் சிக்கல்கள் சற்றுக் கூடுதலாக இருந்தன: ஜெபிக்கப்பட்டும் அது தெரியாதவர்களின் 52-க்கு எதிராக 59 சதவீதம். இது தற்செயலாகவும் இருக்கலாம். கடவுளைச் சோதனைக்கூடத்தில் அளக்கலாம் என்றும் நான் நம்பவில்லை. ஆனாலும், ‘உனக்காக எல்லோரும் ஜெபிக்கிறோம்’ என்ற வார்த்தை நோயாளியின் நெஞ்சில் பாரமாகவும் இறங்கக்கூடும் என்பதை அதைப் படித்தபிறகு என்னால் மறக்க முடியவில்லை.

வேதாகமம் மறுக்கப்பட்ட ஜெபங்களை மறைக்கவில்லை. கெத்செமனேயில் இயேசு மூன்றுமுறை கேட்டார்; பாத்திரம் நீங்கவில்லை. பவுலும் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்றுமுறை வேண்டினார். முள் இருந்தது, கிருபை போதும் என்ற பதில் வந்தது. தாவீது தன் பிள்ளைக்காகத் தரையில் கிடந்து உபவாசித்தான். பிள்ளை இறந்ததும் எழுந்து, குளித்து, ஆலயத்துக்குப் போய்த் தொழுதுவிட்டுச் சாப்பிட்டான். இவர்களில் யாரிடமும் விசுவாசம் குறைவு என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிடுகிறோம்.

மறுக்கப்பட்ட ஜெபத்தை மறைக்காமல் சொன்னதற்குத் திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. முல்லரைப் போலவே பணம் கேட்காமல் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேலுக்கு வலதுகையாக இருந்தவர் பொன்னம்மாள். இளம் விதவை, குழந்தைகள் காப்பகத்தைத் தாங்கி நடத்தியவர். அவருக்குப் புற்றுநோய் வந்தபோது எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். நோய் குறையவில்லை, 1915-இல் அவர் இறந்தார். ஏமி அதை மறைக்காமல் பொன்னம்மாளின் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதினார். பின்னர் 1931-இல் களக்காட்டில் குழியில் விழுந்து அடிபட்ட ஏமியும் முழுவதும் குணமாகவில்லை. 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்து, நோயாளிகளுக்காக ஒரு நோயாளியாக எழுதினார். அந்த எழுத்தில் ஜெபமும் நிற்கவில்லை, வலியும் மறையவில்லை.

ஆகவே போதகர்களிடமும் மூப்பர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஸ்தோத்திர ஆராதனையில், சங்கிலி ஜெபம் நடத்தியும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பேச விரும்பினால், அவளுக்கும் மைக்கைக் கொடுங்கள். ‘ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, ஆனாலும் ஜெபிக்கிறேன்’ என்று அவள் சொன்னால், அதை விளக்கவோ திருத்தவோ யாரும் எழுந்திருக்க வேண்டாம். மற்றவர்களின் சாட்சிக்குச் சொல்லும் ஆமென் அவளுக்கும் வேண்டும்.