கார் செய்தது பெங்களூரு

இந்திய வீடியோ கேம் துறையைப் பற்றி இப்போது யார் பேச எழுந்தாலும் ஒரே பல்லவிதான்: கன்சோல் காலத்தை நாம் தாண்டிக் குதித்து நேராக மொபைலுக்கு வந்துவிட்டோம். முதலீட்டாளர் கூட்டங்களில் இது வேதவாக்கு. லேண்ட்லைன் வராத ஊருக்கு செல்போன் வந்த கதையோடு சேர்த்துச் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்தால் இது சரியாகவே தோன்றும். ஆனால் ஒரு துறை விற்பனையால் மட்டும் உருவாவதில்லை, வேலையாலும் உருவாகிறது. கன்சோல் நம் வீட்டுக் கூடத்துக்கு அதிகம் வரவில்லை என்பது உண்மை. பெங்களூரின் வேலைமேசைகளுக்கு அது வந்தது. இங்கே பல நூறு பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது. அந்தத் தொழிலுக்கு ஒரு வரம்பும் கட்டிவிட்டுப் போனது.

தொடக்கக் கதை தெரிந்ததே. 1983-இல் சரிந்து கிடந்த அமெரிக்கச் சந்தையில் 1985-இல் நின்டெண்டோ நுழைந்தது. மரியோவைவிட முக்கியமானது அது கொண்டுவந்த பூட்டு. தன் அனுமதி இல்லாத கேசட் ஓடாதபடி இயந்திரத்துக்குள் ஒரு சில்லு, வெளி நிறுவனத்துக்கு ஆண்டுக்கு ஐந்து கேம் என்ற கட்டுப்பாடு, கேசட்டைத் தன்னிடமே தயாரித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை. பெட்டியைச் செய்கிறவனே வாசலில் உட்கார்ந்து வரி வாங்கும் முறை அன்றைக்குப் பிறந்தது. சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் பிற்பாடு அந்த வாசலை அகலப்படுத்தினவே தவிர எடுத்துவிடவில்லை. இந்தியாவில் அந்தப் பூட்டுக்கு அர்த்தமே இல்லாமல் போனது. ஷா வாலஸ் என்ற இந்திய நிறுவனம் மூலமாக வந்த சேகா கன்சோலின் விலை 18,000 ரூபாய்; தொண்ணூறுகளில் அதை யார் வாங்குவார்கள்? சென்னையின் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் கிடைத்த நகல் ‘டிவி கேம்’ பெட்டிகளில், லட்சம் கேம் இருப்பதாகப் புளுகும் மஞ்சள் கேசட்டைச் செருகித்தான் ஒரு தலைமுறை ஆடியது. ஆடுகிறவருக்கு அது சௌகரியம். கேம் செய்ய நினைத்தவருக்கோ வாசல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

வாசல் தெரிந்தது வேறு வழியாக. 1997-இல் ராஜேஷ் ராவ் பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். பிரெஞ்சு நிறுவனமான இன்ஃபோகிராம்ஸுக்காக ‘மிஷன் இம்பாசிபிள்’ கேமின் பிசி வடிவத்தில் வேலை செய்தார்கள். 2005-இல் வந்த தாமஸ் ஃப்ரீட்மனின் ‘தி வேர்ல்ட் இஸ் ஃப்ளாட்’ புத்தகத்தில் ராவ் வருகிறார். மொபைல் கேமுக்காகச் சார்லி சாப்ளின் உருவத்தின் உரிமையை இந்தியன் ஒருவன் வாங்கினான் என்ற வியப்போடு வருகிறார். ஃப்ரீட்மன் வியந்தது அதற்கு. துருவாவை வாழவைத்தது அதுவல்ல, வெளிநாட்டு கேம்களுக்குச் செய்துகொடுத்த கலைவேலை. எக்ஸ்பாக்ஸ் 360-உம் பிளேஸ்டேஷன் 3-உம் வந்தபோது படத்தின் துல்லியம் ஒரேயடியாக உயர்ந்தது. முந்தைய தலைமுறையில் சில ஆயிரம் பாலிகனில் (உருவத்தைக் கட்டும் சிறு பரப்புகளில்) முடிந்த கார், சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் கேட்டது. கதை சொல்கிற ஆட்கள் அதேதான். கார், மரம், சுவர், நாற்காலி செய்கிற ஆட்கள்தான் பல மடங்கு தேவைப்பட்டார்கள். அமெரிக்காவில் அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்து மாளாது. மைக்ரோசாஃப்ட்டின் ‘ஃபோர்ஸா’ பந்தய வரிசைக்கான கார்கள் பெங்களூரில் உருவாகத் தொடங்கிய பொருளாதாரம் இதுதான். மைக்ரோசாஃப்ட் என்றால் பெங்களூரின் தொம்மலூரில் எல்லோரும் கோல்ஃப் லிங்க்ஸ் வளாகத்துக் கண்ணாடிக் கட்டடத்தைத்தான் காட்டுவார்கள். கேம் துறையைப் பொறுத்தவரை அந்த நிறுவனம் இந்த நகரத்தை மாற்றியது, தன் பெயர்ப்பலகை இல்லாத வேறு கூடங்களில்.

அந்த வேலையை மட்டமாகப் பேசுகிறவர்கள் ஒரு கார் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான புகைப்படங்களையும் வரைபடங்களையும் வைத்து முதலில் வெளி உடம்பு. பிறகு உட்புறம்: ஸ்டியரிங்கின் தோல் தையல், டயலின் எழுத்து, கதவு திறந்தால் தெரியும் ரப்பர் விளிம்பு. 2011-இல் வந்த நான்காவது ஃபோர்ஸாவில் காரைச் சுற்றி நடந்து, கதவையும் பானெட்டையும் திறந்து பார்க்கலாம். ஆகவே ஒளிக்க இடமில்லை. அதே காருக்குத் தூரத்தில் தெரிய ஒரு எளிய வடிவம், இன்னும் தூரத்துக்கு அதைவிட எளியது, மோதினால் நசுங்க வேறொன்று. இத்தனையும் முடிந்தாலும் கார் கம்பெனி சரி என்று சொல்ல வேண்டும். இது கூலி வேலை அல்ல, பொற்கொல்லர் வேலை. ஆனால் பொற்கொல்லருக்கு நகையில் பங்கு கிடையாது. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் கொடை கொடுத்தவர் பெயராவது நிற்கிறது. கேம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில் அவுட்சோர்சிங் ஆட்களுக்குப் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில் ஒரு வரியே மிஞ்சும்.

பங்கு இல்லாமை எவ்வளவு பெறும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2016 டிசம்பரில் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ், துருவாவின் 90.5 சதவீதத்தைச் சுமார் 85 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2019-இல் தானே நெருக்கடியில் சிக்கி, 79 லட்சத்துக்கு ராக்ஸ்டார் கேம் நிறுவனத்துக்கு விற்றது. இருபத்திரண்டு ஆண்டு அனுபவமும் முந்நூறுக்கு மேற்பட்ட கலைஞர்களும் கொண்ட ஒரு ஸ்டுடியோவின் விலை கைமாறும்போது ஏறவில்லை, இறங்கியது. காரணம் வெளிப்படை: அதனிடம் திறமை இருந்தது, சொந்தமான ஒரு கேம் உலகம் இல்லை. துருவா என்ற பெயர் ராக்ஸ்டார் இந்தியாவுக்குள் கரைந்துபோனது. 2025-இல் பாரிஸில் பட வரைகலை நிறுவனமான டெக்னிகலர் சரிந்தபோது, இதேபோல் வெளி வேலையை நம்பியிருந்த அதன் பெங்களூர்க் கலைக்கூடங்களும் கைவிடப்பட்டன.

அப்படியானால் மொபைல்காரர்கள் சொல்வதுதானே சரி, வாசல்காரனே இல்லாத களத்தில் சொந்தமாகச் செய்வோம் என்று கேட்கலாம். மும்பையின் ‘லூடோ கிங்’ அவர்களுக்கு நல்ல சாட்சி, மறுக்கவில்லை. ஆனால் கூகுளும் ஆப்பிளும் வாசல்காரர்கள் இல்லை என்று யார் சொன்னது? மொபைல் புரட்சி என்று கொண்டாடப்பட்ட பணத்தில் பெரும்பகுதி ரம்மியிலும் ஃபேண்டசி கிரிக்கெட்டிலும் புரண்டது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடாளுமன்றம் தடை விதித்ததும், பெங்களூரில் பிறந்த ஆன்லைன் ஆட்டத் தளமான எம்பிஎல் தன் இந்தியப் பணியாளர்களில் பாதிக்கு மேல் குறைப்பதாகச் செய்தி வந்தது. சூதாட்டத்தின் வரவை கேம் துறையின் வளர்ச்சி என்று எழுதிவைத்த கணக்குப்பிள்ளைகளுக்கு அது தாமதமாக வந்த தணிக்கை. இலவசமாகக் கொடுத்து, ஆடுகிறவரை விடாமல் பிடித்துவைத்துப் பணம் பார்க்கும் முறையில், ஒரு முறை விற்று முடியும் சிறிய, முழுமையான கேமுக்கு இடம் குறைவு.

அந்த இடத்தைக் கன்சோல்தான் கொடுத்தது என்பதற்கு ‘வெண்பா’ போதும். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து ஊகித்து, ஒரு தட்டின் இட்லி அடுத்ததன் ஆவியை மறைக்காதபடி அடுக்க வேண்டும்; அதுவே அதில் புதிர். வெளியான அன்றே எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸில் வந்தது, மறு ஆண்டு அறிமுக கேமுக்கான பாஃப்டா பெற்றது. புனேயின் ‘ராஜி’ 2020-இல் முதலில் வந்தது நின்டெண்டோ ஸ்விட்சில். அந்தப் பெட்டியை நின்டெண்டோ இந்தியாவில் முறையாக விற்கக்கூட இல்லை. கன்சோல் நிறுவனம் வேலை கொடுப்பவராக இருக்கும்போது நமக்குக் கிடைப்பது சம்பளம்; பதிப்பாளராக இருக்கும்போதுதான் படைப்பு கிடைக்கிறது.

சோனி இதை ஒருமுறை தொட்டுப் பார்த்தது. உலகம் பிளேஸ்டேஷன் 3-க்குப் போனபின்பும் இந்தியாவில் பிளேஸ்டேஷன் 2-ஐ மலிவாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 2009-இல், ஹைதராபாத் ஸ்டுடியோக்களைக் கொண்டு ‘ஹனுமான்: பாய் வாரியர்’, கபடியும் கில்லியும் பட்டமும் கொண்ட ‘தேசி அட்டா’ ஆகியவற்றை வெளியிட்டது. ஹனுமான் மோசமான கேம், ஐயமில்லை. கடவுளைப் பட்டனால் ஆட்டிவைப்பதா என்ற எதிர்ப்பும் வந்தது. சில ஆண்டுகளில் அந்த முயற்சியே நின்றுபோனது. இப்போது 2023 முதல் ‘இந்தியா ஹீரோ ப்ராஜெக்ட்’ என்று மறுபடி வந்து ‘முக்தி’, ‘ஃபிஷ்போல்’ போன்றவற்றுக்கு ஆதரவு தருகிறது. முதல் தொகுதி எப்படி இருக்கும் என்பதைவிட, அதில் தோற்கிற ஸ்டுடியோவுக்கு இரண்டாவது கேம் கிடைக்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நின்டெண்டோவிடமே அதற்கு விடை உண்டு. ‘ரேடார் ஸ்கோப்’ என்ற அதன் ஆர்கேட் கேம் அமெரிக்காவில் விலைபோகாமல் பெட்டி பெட்டியாகத் தேங்கியது. அந்தப் பெட்டிகளுக்குள் வேறு கேம் போட்டு விற்கும்படி, அதுவரை ஒரு கேமும் தனியாகச் செய்திராத மியாமோட்டோ என்ற இளைஞரிடம் வேலையைக் கொடுத்தார்கள். 1981-இல் அவர் செய்து கொடுத்தது ‘டாங்கி காங்’.