தர்ஸ்டனின் ‘சீன–தமிழ்க் கலப்பு’: ஒரு வாசிப்புக் குறிப்பு

எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ ஏழு தொகுதிகளையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஆளை நான் பார்த்ததில்லை. நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். நம்ம சாதி எந்தத் தொகுதியில் வருகிறது என்று தேடுவோம், படிப்போம், கோபப்படுவோம் அல்லது பெருமைப்படுவோம், மூடி வைத்துவிடுவோம். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். ஆனால் 1909-ல் வந்த அந்த நூலின் இரண்டாம் தொகுதியில் எந்தச் சாதிக்காரரும் தேடிப் போகாத சின்னப் பதிவு ஒன்று இருக்கிறது. தலைப்பு ‘சீன–தமிழ்க் கலப்பு’.

அவ்வப்போது யாராவது இதைக் கண்டுபிடித்து, “தமிழ்நாட்டில் சீனர்கள் இருந்தார்களா!” என்று ஆச்சரியக்குறி போட்டுப் பகிர்வார்கள். ஆச்சரியம் நியாயம்தான். ஆனால் ஆச்சரியத்தோடு நின்றுவிட்டால் இந்தப் பதிவு எதை விட்டுவிட்டது என்பது கண்ணில் படாது. இதைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விஷயம். நீலகிரியின் மேற்குச் சரிவில், நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே, ஒரு சின்னச் சீனர் குடியிருப்பைத் தர்ஸ்டன் பார்க்கிறார். காய்கறியும் காப்பியும் பயிர் செய்து பிழைக்கிறார்கள். ஆண்கள் சீனர்கள். அவர்களோடு குடும்பம் நடத்தும் பெண்கள் தமிழ்ப் பறையர் பெண்கள். மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் சிறையில் இடம் போதாமல் நீலகிரிச் சிறைக்கு அனுப்பப்பட்ட கைதிகள்தான் இந்தச் சீனர்களின் தொடக்கம் என்கிறார். 1868-ல் ஒரு புயல் ராத்திரியில் பன்னிரண்டு சீனக் கைதிகள் தப்பிய கதையையும் சொல்கிறார். தேடிப் போன போலீஸ்காரர்கள் நான்கு பேர் சிஸ்பாரா மலைப்பாதையில் தலை வெட்டப்பட்டுக் கிடந்தார்களாம், வெட்டிய தலைகள் அவரவர் தோள்மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தனவாம். இதையெல்லாம் விவரமாகச் சொல்லிவிட்டு, ஒரு குடும்பத்தை நிறுத்தி வைத்து அளக்கிறார்.

அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள். மூத்தவள் 18 வயதுப் பெண், கடைக்குட்டிக்கு 5 வயது. தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம், இவற்றை வைத்துக் கணக்குப் போட்ட குறியீட்டெண்கள் என்று ஓர் அட்டவணை. பிள்ளைகளின் நிறம் அப்பாவின் மஞ்சளுக்கு நெருக்கமா, அம்மாவின் கறுப்புக்கு நெருக்கமா, கண் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் அவர். மூக்கை அளந்தால் மனித குலத்தைப் பிரித்துவிடலாம் என்று ரிஸ்லி போன்றவர்கள் நம்பிய காலம்.

இந்த அட்டவணையில் யாருக்கும் பெயர் இல்லை.

அளக்கப்பட்டவர்களின் பெயரை எழுதுவது அந்தக் கால வழக்கம் இல்லையே என்று கேட்கலாம். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே பதிவில் குற்றத்துக்கு ஆண்டு இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆள் கணக்கு இருக்கிறது, தலை எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதுகூட இருக்கிறது. முன்னால் உயிரோடு நின்ற மனிதனிடம் “உன் பேர் என்ன, எந்த ஊர்?” என்ற கேள்வி மட்டும் இல்லை. நம்ம ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமே முதலில் கேட்பது இந்த இரண்டும்தான்.

அந்தச் சீனத் தகப்பன் தர்ஸ்டனிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறார். கிறிஸ்தவரானபோது தன் சடையை வெட்டிவிட்டார்கள் என்ற குறை. தர்ஸ்டன் அதை அந்த ஆளின் கொச்சை ஆங்கிலத்திலேயே எடுத்துப் போடுகிறார், வேடிக்கையாக. வாசகரும் சிரித்துக்கொண்டு தாண்டிப் போகவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. நான் பலமுறை அப்படித்தான் தாண்டிப் போனேன்.

ஆனால் அந்தச் சடை வெறும் முடி இல்லை. சிங் அரசு 1645 முதல் ஹான் சீன ஆண்கள் எல்லோரும் முன்தலையைச் சிரைத்துப் பின்சடை வைத்தாக வேண்டும் என்று கட்டளை போட்டிருந்தது. சடையை வெட்டுவது அரசுக்கு எதிரான செயல். முடியாட்சி 1912-ல் முடியும்வரை இதுதான் நிலை. கடல் கடந்து போன சீனர்கள் பலர் பினாங்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் கேலி, அடி எல்லாம் பொறுத்துக்கொண்டு சடையைக் காப்பாற்றியதற்கு ஒரு காரணம், அது இல்லாமல் ஊர் திரும்ப முடியாது என்பது. அரசைக் கேட்காமல் வெளிநாடு போனதே குற்றம் என்ற பழைய தடைச் சட்டம்கூட 1893-ல்தான் நீங்கியது. கைதியாகக் கப்பலேறி, விடுதலையாகி, மலையில் தோட்டம் போட்டு, நான்கு பிள்ளை பெற்ற ஒரு மனிதர், தன்னை அளக்க வந்த துரையிடம் அந்தச் சடையைப் பற்றி மட்டும் முறையிடுகிறார். என் வாசிப்பில், திரும்பிப் போகும் வழி அடைபட்டதைத்தான் அவர் சொல்கிறார். ஊர்ப் பெயர் அவர் வாயில் வந்து நின்றிருக்கிறது. எதிரில் இருந்தவர் கேட்கவில்லை.

அப்படிக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிறைய ஆகியிருக்கும். சீனர்களின் பூர்வீக ஊரைத் தேடுவதற்கு உலகம் முழுக்க ஒரு முறை இருக்கிறது. தொடக்கம் கல்லறைக் கல். வெளிநாட்டில் செத்தாலும் கல்லில் இறந்தவர் பெயரோடு பூர்வீக மாவட்டத்தையும், பல சமயம் கிராமத்தையும் பொறிப்பார்கள். அடுத்தது குலச்சங்கம். பினாங்கில் கூ கொங்சி என்ற பெரிய மாளிகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபூஜியன் மாநிலத்தின் சின் காங் என்ற ஒரே கிராமத்திலிருந்து வந்த கூ குலத்தாரின் சங்கம் அது. கடைசியாக வம்ச ஏடு. பல குலங்களில் ஒரே தலைமுறை ஆண்களின் பெயரில் ஓர் எழுத்து பொதுவாக இருக்கும். அந்த எழுத்தைப் பார்த்தே இவர் எத்தனையாவது தலைமுறை என்று சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் சாவி பெயர்தான். அதுவும் எழுத்தோடு கூடிய பெயர். ஒரே குலப்பெயரை ஹொக்கியன்காரர் டான் என்பார், கான்டன்காரர் சான் என்பார், வடக்கே சென் என்பார். சிறைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயரை வைத்துக்கொண்டு கிராமத்துக்குப் போவது கஷ்டம். ஆனாலும் அது ஒரு நூல்முனை. டான் என்று எழுதியிருந்தால் ஆள் தெற்கு ஃபூஜியன் பக்கம் என்றாவது ஊகிக்கலாம். அட்டவணையில் ‘சீனன்’ என்று மட்டும் எழுதினால்?

இதற்கு மேல் நம்ம ஊர்ப் பழக்கம் வேறு. சீனர்களுக்குக் குலப்பெயர் முன்னால் வரும், தலைமுறை தலைமுறையாக மாறாது. நமக்கோ அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். லிம் என்று தொடங்கும் பெயர்கொண்டவரின் மகன் ஒரு ஜோசப் என்று வைத்துக்கொள்வோம், எல். ஜோசப். அவர் மகன் ஜே. அந்தோணி. மூன்றாம் தலைமுறையில் லிம் மாயம். தர்ஸ்டன் விட்டதை நம்ம இனிஷியல் சத்தமில்லாமல் முடித்துவைத்துவிடும்.

இதோடு ஒப்பிட ஜமைக்காவில் ஒரு கதை இருக்கிறது. பாலா வில்லியம்ஸ் மேடிசன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண் தன் சீனத் தாத்தாவைத் தேடிப் போனதை ஆவணப்படமாகவும் புத்தகமாகவும் செய்திருக்கிறார். தாத்தா ஹக்கா சீனர், பாட்டி ஜமைக்காக் கறுப்பினப் பெண். கடை வைத்திருந்த தாத்தா 1933-ல் சீனாவுக்கே திரும்பிவிட்டார். அம்மா அவரை மறுபடி பார்க்கவே இல்லை. பேத்தி இன்றைய ஷென்ஜென் பகுதியில் பெரிய சொந்தக் கூட்டத்தையே கண்டுபிடித்தார். குடும்ப அமைப்பு நடுவட்டத்தைப் போலத்தான், அந்நிய மண், சீனத் தகப்பன், ஒடுக்கப்பட்ட சமூகத்துத் தாய். வித்தியாசம் ஒன்றுதான். அந்த அம்மா தன் அப்பாவின் பெயரைத் தெரிந்து வைத்திருந்தார். சாமுவேல் லோ.

மதுரைக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டால், அதே கடல்வழியில் எதிர்த்திசையில் போன நம்ம ஆள் ஒருவர் இருக்கிறார். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அதில் ஒருவர், பதின்வயதுப் பையன். 1818-ல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி பினாங்கில் அவரை எதிர்பாராமல் சந்தித்ததைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். அதற்குள் துரைசாமி தளர்ந்துபோன ஆளாகிவிட்டார். வெல்ஷுக்கு அவர் முகம் அடையாளம் தெரியவில்லை, பெயர் சொன்னதும் தெரிந்துவிட்டது. காரணம், சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றுக்கொண்டவர் வெல்ஷ். இன்று சிவகங்கைச் சீமையில் துரைசாமியை யாரும் தேட வேண்டிய அவசியம் இல்லை. அப்பன் பெயர், ஊர் எல்லாம் எழுத்தில் இருக்கிறது. பினாங்கிலிருந்து நடுவட்டம் வந்தவருக்கு அப்படி ஒரு வெல்ஷ் வாய்க்கவில்லை, தர்ஸ்டன்தான் வாய்த்தார்.

சீனக் கைதிகளை ஏன் இங்கே அனுப்பினார்கள் என்பதில் ஒரு மர்மமும் இல்லை. 1867 ஏப்ரல் வரை பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் இந்திய அரசின் நிர்வாகத்தில்தான் இருந்தன. இங்கிருந்து கைதிகள் அங்கே போனார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது இந்தியக் கைதிகளின் உழைப்பு. அங்கிருந்து சீனர்கள் இங்கே வந்தார்கள். நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. அபினிப் போரில் பிடிபட்ட சீனச் சிப்பாய்கள், தேயிலை வளர்க்கக் கற்றுக்கொடுக்க வரவழைக்கப்பட்டவர்கள் என்றெல்லாம் சுற்றுலாக் கதைகள் உலவுகின்றன. கேட்க நன்றாக இருக்கிறது, கைதி என்பதைவிடப் போர்வீரன் என்றால் கௌரவம்தான். ஆனால் இந்தக் கதையை நம்பித் தேடினால் போர்க்களத்துக்குப் போவோம். தேட வேண்டியது பினாங்கு, சிங்கப்பூர் நீதிமன்றக் காகிதங்களில்.

இப்போது என் குறையின் இரண்டாம் பாதி. இது தர்ஸ்டன் மேல் மட்டும் இல்லை.

எங்கள் குலதெய்வம் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கண்மாய்க்கரையில். எந்தத் தாத்தா காலத்தில் மதுரைக்கு வந்தோம் என்று வீட்டில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. ஆனாலும் மாசிச் சிவராத்திரிக்குப் போய் நின்றால், “எந்த வகையறாப்பா?” என்று கேட்டு, வரி நோட்டைப் புரட்டி, அப்பா பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி, தலைக்கட்டு வரி வாங்கிக்கொள்வார்கள். சீன வம்ச ஏட்டைப் பற்றி முதலில் படித்தபோது, அட, நம்ம வரி நோட்டு என்றுதான் தோன்றியது. ஊரைவிட்டுப் போனவனை ஊர் மறக்காமல் இருக்க ஒரு கணக்கு.

அந்த நோட்டில் என் அக்கா பெயர் கிடையாது. சீன வம்ச ஏடுகளிலும் வழக்கமாக மகள்களுக்கு இடம் இல்லை. மனைவி வந்தாலும் பிறந்த வீட்டுக் குலப்பெயரோடு நின்றுவிடும். ஆக, இரண்டு பக்கமும் பூர்வீகம் என்றால் அப்பன் ஊர். நடுவட்டக் குடும்பத்தைப் பற்றி எழுதும் எல்லோரும், இதுவரை நான் எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சீனாவில் எந்தக் கிராமம் என்றே கேட்கிறோம். அந்த அம்மா எந்த ஊர்? நீலகிரித் தோட்டங்களுக்குச் சமவெளியிலிருந்து ஏறிப்போன தலித் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பெண்ணுக்கும் ஒரு சேரி, ஒரு கிணறு, அம்மன் கோயில், அண்ணன் தம்பி இருந்திருக்கும். அவரும் ஊரைவிட்டு வந்தவர்தான். தர்ஸ்டன் அவருக்குக் கொடுத்தது சாதிப் பெயரும் மூக்கின் அளவும். தகப்பனுக்காவது சடையைப் பற்றி ஒரு வாக்கியம் கிடைத்தது. அந்த அம்மா வாய் திறந்ததாகவே பதிவில் இல்லை.

மரபணுச் சோதனை செய்தால் தெரிந்துவிடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தென்சீனத் தொடர்பு இருக்கிறது என்ற அளவுக்குத் தெரியலாம். கிராமத்தின் பெயரை எச்சில் சொல்லாது, அதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும். தர்ஸ்டன் வேலை பார்த்த எழும்பூர் அருங்காட்சியகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. சென்னை மாகாண நீதித்துறை, சிறைத்துறைக் கோப்புகளில் 1850 முதல் 1870 வரையிலானவற்றை எடுத்து, பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் பெயரைத் தேடுவது முதல் வேலை. இரண்டாவது, நீலகிரியின் பழைய தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள். அவர் மதம் மாறினார் என்பது தர்ஸ்டனே தரும் தகவல். ஆகவே அவருக்கோ பிள்ளைகளுக்கோ ஏதாவது ஒரு கோயிலில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். அதில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் அம்மா பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு. கோடை விடுமுறையில் முதலில் அங்கேதான் போவதாக இருக்கிறேன்.