அரண்காப்புத் திறன்பேசி ஆட்டமும் ஆடுநர் மதிப்புரையும்: உழிஞை, நொச்சித் திணைகள் வழி ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

திறன்பேசியில் ஆடப்பெறும் அரண்காப்பு ஆட்டங்களைப் பற்றி ஆடுநர் எழுதும் மதிப்புரைகளைத் தமிழ்த் திறனாய்வு பெரிதும் பொருட்படுத்தியதில்லை. ‘பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ்’ என்னும் ஆட்டத்தின் இரு பகுதிகள் குறித்து எழுந்த கருத்துகளை உழிஞை, நொச்சி ஆகிய திணைக் கோட்பாடுகளோடு பொருத்திக் காண்கிறது இக்கட்டுரை. அக்கருத்துகள் எதை அளக்கின்றன, எதை அளக்கத் தவறுகின்றன என்பதே இதன் வினா.

திறவுச்சொற்கள்: அரண்காப்பு ஆட்டம், ஆடுநர், மதிப்புரை, உழிஞை, நொச்சி, கோவூர்கிழார், புதுச்சேரி முற்றுகை

முன்னுரை

புதுச்சேரியின் பழைய நகரைச் சூழ்ந்திருந்த மதிலின் தடத்தில் இன்று புல்வார் சாலைகள் ஓடுகின்றன. அத்தடத்திற்கு வடக்கே, கடலோரத்தில் அமைந்த மீனவர் குடியிருப்பு வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு வந்து கூடும் கடற்கரை அது. மற்ற நாள்களின் மாலைப்பொழுதில், படகுகளின் நிழலில் அமர்ந்து இளைஞர்கள் திறன்பேசியில் ஆடிக்கொண்டிருப்பதை அங்குக் காணலாம். மதிலுக்கு வெளியே அமைந்த ஒரு குப்பத்தில் இருந்துகொண்டு திரையில் மதில் காக்கும் இக்காட்சியே இக்கட்டுரைக்குத் தூண்டுதலாயிற்று.

ஆட்டத்தின் இயல்பு

அரண்காப்பு ஆட்டத்தின் அடிப்படை எளியது. பகைவர் அணி அணியாக ஒரு வழியே வருவர். ஆடுநர் கையிலுள்ள பொருளைச் செலவிட்டு அவ்வழியின் ஓரத்தில் காவல் கருவிகளை நிறுத்துவார். நிறுத்திய கருவி தானே இயங்கும். பகைவர் எல்லையைக் கடந்தால் தோல்வி. தானே இயங்கும் காவற்பொறி என்னும் கற்பனை தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகார அடைக்கலக் காதை மதுரை மதிலில் இருந்த பொறிகளை வரிசைப்படுத்துகிறது. தானே வளைந்து எய்யும் வில்லும் கல் உமிழும் கவணும் அவற்றுள் அடங்கும். எனினும், இவ்வொப்புமையைக் கொண்டு பழந்தமிழர் இவ்வகை ஆட்டத்தை அறிந்திருந்தனர் எனக் கூறுவது பிழை. ஒப்புமை நமக்குத் தருவது ஒரு சொற்களஞ்சியம் மட்டுமே.

2009இல் பாப்கேப் நிறுவனம் வெளியிட்ட ‘பிளான்ட்ஸ் வெர்சஸ் ஜாம்பீஸ்’ இவ்வகையைப் பரவலாக்கிய ஆட்டங்களுள் ஒன்று. இதில் வீடே அரண், முற்றத்துச் செடிகளே படை, நடைபிணங்களே பகை. சூரியகாந்தி ஈட்டித்தரும் ஒளியே செலவிடும் பொருள். ஒருமுறை விலை கொடுத்தால் ஆட்டம் முழுவதும் ஆடுநருக்கு உரியதாயிற்று. 2011இல் பாப்கேப் நிறுவனத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. 2013இல் வந்த இரண்டாம் பகுதி விலையின்றிக் கிடைத்தது; ஆனால், சில செடிகள் உண்மைப் பணத்திற்கு விற்கப்பட்டன. அடுத்த உலகிற்குச் செல்ல, ஆடிய கட்டங்களையே மீண்டும் ஆடி விண்மீன்களைச் சேர்க்க வேண்டியிருந்தது.

மதிப்புரைகளின் இரு நிலை

இம்மாற்றம் குறித்த ஆடுநர் கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு சாரார் ஆட்டத்தின் கட்டமைப்பை நோக்கினர். விலைச் செடி இன்றியே எல்லாக் கட்டங்களையும் வெல்ல இயலும். எனவே தாக்குதலும் காவலும் சமன் குலையவில்லை என்பது இவர்தம் வாதம். மற்றொரு சாரார் காப்பவரின் பாட்டை முன்வைத்தனர். வெல்ல இயலும் என்பது உண்மையாயினும், மீண்டும் மீண்டும் ஆடவைத்து ஆடுநரைச் சலிப்படையச் செய்து, அச்சலிப்பையே விற்பனைக்கு வாயிலாக்குவது முறையன்று என்பது இவர்தம் வாதம். பின்னர் வந்த புதுப்பிப்பில் விண்மீன் பூட்டு நீக்கப்பட்டது. நுகர்வோர் குறையாக மட்டும் இவற்றைக் கருத இயலாது. படைப்பையே மாற்றிய திறனாய்வு எனவும் இவற்றைக் கொள்ளலாம்.

இவ்விரு நிலைகளையும் புறத்திணை இலக்கணம் தெளிவுபடுத்துகிறது. தொல்காப்பியர் மதிலை முற்றுவோனையும் அகத்திருந்து காப்போனையும் உழிஞை என்னும் ஒரே திணைக்குள் அடக்குகிறார். புறப்பொருள் வெண்பாமாலை காப்போனைப் பிரித்து நொச்சி எனத் தனித்திணை வகுக்கிறது. முன்னது முற்றுகையை ஒரே நிகழ்வாகக் காணும் பார்வை. பின்னது அதனை ஒரு பக்கத்திலிருந்து காணும் பார்வை. சமனிலையைப் பேசிய ஆடுநர் உழிஞை நோக்கினர். சலிப்பைப் பேசியவர் நொச்சி நோக்கினர். இருவருள் ஒருவரைப் பிழையெனக் கொள்ளத் தேவையில்லை. அவர்கள் நிற்கும் இடமே வேறு.

மதிப்புரை காணாத பகுதி

இரு சாராரும் கேளாத வினா ஒன்றுண்டு: அரணுக்குள் இருப்பவர் யார்? ஆவூர்க் கோட்டையில் அடைத்திருந்த நெடுங்கிள்ளியை நோக்கிக் கோவூர்கிழார் பாடிய புறநானூற்று 44ஆம் பாடல் இவ்வினாவையே எழுப்புகிறது. உள்ளே பாலின்றிக் குழந்தைகள் அழுகின்றன. மகளிர் பூவின்றி முடிக்கின்றனர். அறவழி நிற்பின் கதவைத் திற, மறவழி நிற்பின் போருக்குத் திற, இரண்டுமின்றி அடைத்திருத்தல் நாணத்தக்கது என்கிறார் புலவர். இப்பாடல் நொச்சியில் வைக்கப்படாதது கருதத்தக்கது. காவலின் திறத்தைப் போற்றாமல், காவலுக்கு விலை கொடுப்பவரைக் கணக்கிடுகிறது அது.

புதுச்சேரிக்கு இக்கணக்கு அயலானதன்று. 1760-61ஆம் ஆண்டு ஆங்கிலேயர் முற்றுகையின்போது உணவு குன்றியதால், பிரெஞ்சுத் தலைவர் லாலி உள்ளூர் மக்களை நகரைவிட்டு வெளியேற்றினார். அவர்கள் மதிலுக்கும் பகைவர் அணிக்கும் இடையே பல நாள் சிக்கித் தவித்தனர். நாட்குறிப்பெழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை 1761 ஜனவரியில் மறைந்த சில நாள்களில் நகரம் சரணடைந்தது. மதில்கள் தகர்க்கப்பட்டன. முற்றுகையின் சுமை எவ்வணியிலும் சேராதவர்மேல் விழுந்ததை இவ்வரலாறு காட்டுகிறது. ஆட்டத்திலோ வீட்டின் கதவு இறுதிவரை மூடியே இருக்கிறது. தோற்கும் கணத்தில் மட்டுமே உள்ளே ஒருவர் இருந்ததை ஆடுநர் உணர்கிறார்.

முடிவுரை

ஆடுநர் மதிப்புரை விதிகளின் நேர்மையை நுட்பமாக அளக்கிறது. அதனைத் திறனாய்வென ஏற்பதில் தமிழாய்வு தயங்கத் தேவையில்லை. அதேவேளை, விதிகள் நேர்மையாக இருப்பதும் காவல் நேர்மையாக இருப்பதும் ஒன்றல்ல. முதலாவதைச் சொல்ல ஆடுநருக்குச் சொற்கள் உள்ளன. இரண்டாவதைச் சொல்லும் மரபு கோவூர்கிழாரிடம் உள்ளது. வைத்திக்குப்பத்து இளைஞர் ஒருவர் தாம் ஆடும் ஆட்டத்தைப் பற்றித் தம் மொழியில் எழுத முனையும்போது அவருக்கு இவ்விரண்டும் கிட்ட வேண்டும். அவற்றை வகுப்பறையில் ஒருசேர எடுத்துவைப்பது தமிழாசிரியர் கடமை.