முதலில் பதிவு, பிறகு பார்வை

லினக்ஸ் கெர்னலின் அழகை ரசிக்க விரும்பும் நிரலாளர், அதன் மூலநிரலில் கோப்பு முறைமைக்குரிய அடைவைத் திறந்து, 'ஈபோல்' என்னும் வசதி எழுதப்பட்டுள்ள ஒரே கோப்பிலிருந்து தொடங்குவது நல்லது. பல்லாயிரம் இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும் சர்வர் நிரல், அவற்றுள் எதிலும் முடங்கி நின்றுவிடாமல், எதில் தரவு வந்திருக்கிறது என்பதை அறிவதற்கான ஏற்பாடு அது. டாவிடே லிபென்சி எழுதிய இவ்வசதி 2002இல் 2.5 வரிசைக் கெர்னலில் சேர்ந்தது.

வரலாறு இவ்வளவு போதும். ரசனைக்குரிய இடம் இதற்கும் கீழே, மெய்நிகர் கோப்பு முறைமையில் இருக்கிறது. சாக்கெட், பைப், முனையம் ஆகிய வெவ்வேறு பொருள்களுக்கும் கோப்பு என்ற ஒரே முகத்தைத் தரும் இவ்வடுக்கில், திறந்த கோப்பு ஒவ்வொன்றும் தனக்குரிய செயல்கூறுகளின் அட்டவணையைச் சுட்டி நிற்கிறது. அவற்றுள் 'போல்' எனப்படும் செயல்கூறு இரண்டு வேலைகளைச் செய்கிறது. நிகழ்வு நேரும்போது யாரை எழுப்ப வேண்டும் என்று குறித்துவைக்கும் காத்திருப்பு வரிசையில் அது முதலில் கேட்பவரைப் பதிகிறது. பதிந்த பின்னரே, தரவு இக்கணம் இருக்கிறதா என்று பார்த்து விடை தருகிறது.

இந்த வரிசைமுறையில்தான் வாசகர் நின்று நிதானிக்க வேண்டும். பார்வை முந்திப் பதிவு பிந்தினால், இல்லை என்று கண்ட கணத்துக்கும் பெயர் எழுதும் கணத்துக்கும் இடையில் வந்துசேரும் தரவைச் சொல்ல எவர் பெயரும் வரிசையில் இராது. நிரலோ, ஏற்கெனவே வந்துவிட்ட ஒன்றுக்காகக் காத்துக் கிடக்கும். பதிவு முந்தினால், இடையில் வருவது பார்வையில் படும், அல்லது அழைப்பாக வந்து எழுப்பும். பதிவைச் செய்யும் 'போல் வெயிட்' என்ற துணைச்செயல், பெயரில் காத்திருப்பைச் சுமந்தாலும் ஒரு கணமும் காத்திருப்பதில்லை. இதை அறியாமல் படிப்போர் நிரலின் போக்கையே தவறவிடுவர்.

1983இல் 4.2 பிஎஸ்டியுடன் வந்த 'செலக்ட்' என்னும் பழைய அழைப்பு, லினக்ஸில் இதே செயல்கூறையே நாடுகிறது. ஆயினும் காத்திருக்க நேரும் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளிலும் பெயரைப் பதிந்து, முடிவில் எல்லாவற்றிலிருந்தும் நீக்குகிறது. ஈபோல், கோப்பு சேர்க்கப்படும்போது ஒருமுறை பதிவதோடு சரி; பிறகு பதிவு கோராமல் கேட்பதால், அதே செயல்கூறு நிலையை மட்டும் பார்த்துச் சொல்கிறது. ஒரே செயல்கூறு இருவகைப் பயன்பாட்டுக்கும் மாற்றமின்றிப் பொருந்துவது மிக உயர்ந்த வடிவமைப்பு.

வட்டிலுள்ள சாதாரணக் கோப்புகளுக்குப் பொதுவாக இச்செயல்கூறு கிடையாது. அவற்றைச் சேர்க்க முயன்றால் ஈபோல் மறுத்துவிடும்.

படித்ததைக் கண்ணால் காண, ஈபோலைப் பயன்படுத்தும் ஒரு வெப்சர்வரின் கெர்னல் அழைப்புகளை 'ஸ்ட்ரேஸ்' கருவியால் கவனிக்கலாம். கோரிக்கை ஏதுமில்லாதபோது ஈபோலின் காத்திருப்பு அழைப்பு முடிவுறாத ஒற்றை வரியாக நிற்கும். ஒரு பிரவுசர் இணைந்ததும் அவ்வரி, தயாரான கோப்புகளின் எண்ணிக்கையாக 1 என்ற விடையுடன் நிறைவுறும்.