வியாழனின் எதிர்த்திசைக் கல் எங்கிருந்து வந்தது?

2018 மே மாதம் உலகப் பத்திரிகைகள் ஒரு சிறுகோளுக்கு ‘வேற்று விண்மீனிலிருந்து வந்த குடியேறி’ என்று பட்டம் கட்டின. 2015 பிஇசட்509 என்பது அதன் பதிவுப் பெயர். ஹவாயின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி கண்டுபிடித்த அந்தக் கல்லின் குறுக்களவு ஏறக்குறைய 3 கிலோமீற்றர். வியாழன் பாதையைப் பங்குபோடும் ட்ரோஜன் சிறுகோள்களை 1906 முதல் அறிவோம். அவை வியாழனோடு ஒரே திசையில் போகின்றவை. இதுவோ எதிர்த்திசையில் ஓடுகிறது.

மோதாமல் எப்படித் தப்புகிறது? ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வியாழனைக் கடக்கிறது, ஒருமுறை உட்புறமாக, மறுமுறை வெளிப்புறமாக. ஒரு சந்திப்பில் வியாழன் இழுத்த இழுப்பை அடுத்த சந்திப்பு சரிக்கட்டிவிடுகிறது. இந்த ஆட்டம் பத்து லட்சம் ஆண்டுகளாவது நீடித்திருக்கும் என்று போல் வீகர்ட் குழு 2017இல் ‘நேச்சர்’ இதழில் காட்டியது. அவர்கள் அந்த எல்லையோடு நின்றுகொண்டது பாராட்டத்தக்கது.

குடியேறிப் பட்டத்துக்குக் காரணமான ஆய்வை எழுதிய ஃபாத்தி நமூனியும் ஹெலெனா மொராயிஸும் நிற்கவில்லை. பாதையின் அளவீட்டுப் பிழைக்குள் பத்து லட்சம் போலிக் கற்களை அமைத்து, கணினியில் 450 கோடி ஆண்டுகள் பின்னோக்கி ஓட்டினார்கள். பெரும்பாலானவை தொலைந்தன, விரல்விட்டு எண்ணத்தக்க சில மட்டும் தப்பின. நாம் வானத்தைப் பார்க்கும் காலம் சிறப்பான காலமல்ல, ஆகவே நீடித்த பாதையே உண்மையான பாதை என்பது அவர்கள் வாதம். கோள்கள் பிறந்த காலத்தில் இங்கே எதிர்த்திசையில் எதுவும் ஓடியிருக்க முடியாது. ஆகவே கல் வெளியார்.

குறிஞ்சாக்கேணித் துறையில் ஒதுங்கிக் கிடக்கும் தேங்காய் மட்டை நேற்று எங்கே மிதந்தது என்பதை நீரோட்டம் தெரிந்தவர் சொல்லிவிடுவார். மூன்று வருடத்துக்கு முன் எந்தத் தோட்டத்தில் விழுந்தது என்று கேட்டால் சிரிப்பார். வியாழன் அருகே ஓடும் கல்லின் பாதையும் அப்படிக் குழம்புவதுதான்: கடுகளவு பிழை சில மில்லியன் ஆண்டுகளில் மலையாகிவிடும். அலெசாந்திரோ மொர்பிடெல்லியும் சகாக்களும் 2020இல் இதைத்தான் பிடித்தார்கள். குழப்பமான பாதையைப் பின்னோக்கி ஓட்டினாலும் முன்னோக்கி ஓட்டினாலும் புள்ளிவிவரம் ஒன்றுபோலவே வரும். தப்பிய சில போலிகள் கல்லின் கடந்தகாலத்தைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் எப்போதாவது நெடுங்காலம் தங்க வாய்ப்புண்டு என்று மட்டுமே சொல்கின்றன.

முதல் வாதத்தில் ஒரு பாதி நிற்கும். இந்தக் கல் இப்போதைய பாதையில் பிறந்ததல்ல. ஆனால் ‘இங்கே பிறக்கவில்லை’ என்பதிலிருந்து ‘சூரியக் குடும்பத்திலேயே பிறக்கவில்லை’ என்று தாவும்போது நடுவில் சூரியக் குடும்பத்தின் வெளி விளிம்பிலுள்ள ஓர்ட் மேகம் காணாமல் போகிறது. அங்கிருந்து எல்லாத் திசைகளிலும் வால்வெள்ளிகள் விழுகின்றன. ஹாலியே எதிர்த்திசையில்தான் சுற்றுகிறது. அப்படி வந்த ஒன்றை வியாழன் சில காலம் பிடித்து வைத்திருக்கிறது என்பது எளிய விளக்கம். அதை முறியடிக்காமல் அரிய விளக்கத்துக்குப் போகக் கூடாது.

வேற்று விண்மீன்களிடமிருந்து 2017இல் வந்த ஓமுவாமுவாவையும் 2019இல் வந்த போரிசோவையும் பாருங்கள். சூரியன் பிடித்துவைக்க முடியாத வேகம், அளந்து கண்ட வேகம், சாட்சி சொன்னது. இங்கே சாட்சி கணினி ஓட்டம் மட்டுமே. குடியேறி என்ற பட்டத்தை நான் தள்ளுபடி செய்கிறேன். வெளியிலிருந்து வந்து வியாழனிடம் சிக்கும் கற்களை முன்னோக்கி ஓட்டி, அவை ஓர்ட் மேகத்துக் கற்களைவிட அதிகம் மிஞ்சும் என்று யாரேனும் காட்டினால் வழக்கை மறுபடி எடுக்கலாம்.