ஒரே வரியில் ஒரு சர்வர்

மூலையில் கிடந்த பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி உபுண்டு ஏற்றினேன். ஒரு ஃபோல்டரில் இரண்டு கோப்புகளை இறக்கினேன். ஒன்றில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, டெர்மினலில் 'டாக்கர் கம்போஸ் அப்' என்று அடித்து, பின்னணியில் ஓடட்டும் என்று 'மைனஸ் டி'யையும் சேர்த்தேன். பட்டைகள் ஓடி முடிந்து நான்கு பெயர்களுக்குப் பக்கத்தில் டிக் விழுந்தது. பிரவுசரில் 2283ஆம் போர்ட்டைத் தட்டியதும் இம்மிச் வந்து நின்றது. கூகுள் போட்டோஸ் செய்யும் வேலையை, முகத்தை வைத்துப் படம் தேடுவது உட்பட, வீட்டுக்குள்ளேயே செய்யும் திறமூல மென்பொருள் அது.

இப்படிச் சொந்த சர்வர் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் எங்கோ கை சுட்டுக்கொண்டவர்கள். 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டது. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் அளவற்ற இலவச இடம் நின்றது. அடுத்தவன் திண்ணையில் எத்தனை நாள் படுப்பது என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. ஆனால் சொந்தமாக ஒரு மென்பொருளை நடத்துவதென்றால் முன்பெல்லாம் அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்கியூஎல் மூன்றையும் ஒத்துப்போக வைத்தாக வேண்டும். ஒரு மென்பொருளுக்காக பிஎச்பியை ஏற்றினால் பக்கத்திலிருப்பது படுத்துக்கொள்ளும். 2013 மார்ச்சில் பைகான் மாநாட்டில் அறிமுகமான டாக்கர், ஒவ்வொன்றையும் தனித்தனி கன்டெய்னரில் அடைத்து அந்தச் சண்டையைத் தீர்த்தது. பல கன்டெய்னர்களை ஒரே கோப்பில் எழுதிக் கிளப்பும் வித்தை ஃபிக் என்ற கருவியிலிருந்து வந்தது. 2014இல் டாக்கர் அதை வாங்கியது. கம்போஸ் என்று பெயர் மாறியது.

கம்போஸின் பலம் அந்த ஒற்றை வரிக் கட்டளை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதன் பலமாகத் தெரிவது அந்த யாம்ல் கோப்புதான். இம்மிச்சின் கோப்பைத் திறந்தால் மென்பொருளின் உடற்கூறே தெரியும்: சர்வர் ஒன்று, முகம் அடையாளம் காணும் பகுதி ஒன்று, இடைக்கால நினைவுக்கு ஒன்று, போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் ஒன்று. போர்ட் வரியில் இரண்டு எண்கள். நடுவில் ஒரு முக்காற்புள்ளி. இடப்பக்கம் நம் கணினி, வலப்பக்கம் கன்டெய்னர். தரவு எங்கே தங்கும் என்று சொல்லும் வால்யூம் வரியிலும் அதே இலக்கணம்தான். இதைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தன் படங்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன, எந்தக் கதவு வெளியே திறந்திருக்கிறது என்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கைமுறையாக நிறுவிய பழைய சர்வர்களில் இந்த விவரமெல்லாம் நிறுவியவரின் தலைக்குள்தான் இருந்தது. அவர் வேலையை விட்டால் விவரமும் கூடவே போகும்.

சிக்கல் என்னவென்றால், படிக்காமலே வேலை நடந்துவிடுகிறது. இம்மிச் தரும் உதாரணக் கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல் 'போஸ்ட்கிரஸ்' என்றே இருக்கிறது. மாற்றுங்கள் என்று பக்கத்திலேயே குறிப்பும் இருக்கிறது. மாற்றாவிட்டாலும் டிக் விழும். எந்தப் பிழையும் தன்னைக் காட்டிக்கொள்ளாது.

வாடகை சர்வரில் இதைவிடப் பெரிய பள்ளம் உண்டு. உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற தீச்சுவரைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போம். நிலவரம் கேட்டால் 22ஆம் போர்ட் மட்டும் திறந்திருப்பதாகச் சொல்லும். டாக்கரோ தன் விதிகளை நேரடியாக லினக்ஸின் ஐபிடேபிள்ஸில் எழுதிக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் பாக்கெட், யூஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் வாசலுக்கே வராமல் கொல்லைப்புறமாகக் கன்டெய்னருக்குள் போய்விடுகிறது. இது ரகசியமில்லை, டாக்கரின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்தால் அந்தக் கணினிக்குள் மட்டும் அடங்கும். பத்து எழுத்து வேலைதான். என்றாலும் பாதுகாப்பான வழியைத் தேடிப் போய்ச் சேர்க்க வேண்டியிருப்பதும், திறந்த கதவு தானாக வருவதும் வடிவமைப்பின் குறை என்றுதான் சொல்வேன். பயனர் படித்திருக்க வேண்டும் என்பது சமாதானம் ஆகாது.

அப்டேட் இன்னொரு கதை. 2024இல் இம்மிச் தன் கன்டெய்னர்களில் ஒன்றை நீக்கி, அதன் வேலையை சர்வருக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. கன்டெய்னரின் வார்ப்பான இமேஜைப் புதிதாக இழுப்பது ஒரு கட்டளை. நம் ஃபோல்டரிலுள்ள கம்போஸ் கோப்பு அதனால் மாறாது. வெளியீட்டுக் குறிப்பைப் படித்துக் கோப்பையும் திருத்தினால்தான் இரண்டும் பொருந்தும். போஸ்ட்கிரஸ் இன்னும் பிடிவாதம். பழைய பெரும்பதிப்பு எழுதிய தரவைப் புதிய பெரும்பதிப்பு தொடவே மாட்டேன் என்று சொல்லி நின்றுவிடும். கோப்புகளைச் சேமித்துப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுடில் பெரும்பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். கம்போஸுக்கு இவை எதுவும் தெரியாது. இழு என்றால் இழுக்கும், ஏற்று என்றால் ஏற்றும்.

அழி என்றால் அழிக்கவும் செய்யும். ஒரு செய்தியோடை வாசிப்பானை நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்ப நினைத்தேன். எங்கோ பார்த்த கட்டளையை அப்படியே ஒட்டினேன்: 'டவுன்', கூடவே 'மைனஸ் வி'. அந்த வி 'விவரமாக' என்பதற்கானது என்று நினைத்துவிட்டேன். பல கருவிகளில் அப்படித்தான். இங்கே அது வால்யூமைக் குறிக்கிறது, அதாவது தரவையும் சேர்த்து அழித்துவிடும். 'உறுதியா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வருடமாக நட்சத்திரமிட்டு வைத்த கட்டுரைகள் போயே போயின. அன்று கருவியைத் திட்டினேன்; இப்போது நினைத்தால் பாதித் திட்டு எனக்கே சேர வேண்டியது.

இந்த இடத்தில், சொந்த சர்வரை எளிதாக நடத்த உதவும் யூனோஹோஸ்டை நினைத்துக்கொள்கிறேன். டெபியன் மேல் ஓடும் அதிலும் ஒரே கட்டளையில் நெக்ஸ்ட்கிளவுட் வரும். ஆனால் அப்டேட்டுக்கு முன் தானாக பேக்கப் எடுக்கும், அப்டேட் தோற்றால் பழையதை மீட்டு வைக்கும். அதன் பட்டியலில் இருக்கும் மென்பொருள்தான் கிடைக்கும், அது அடுக்கிவைத்தபடிதான் இருக்கும். டெர்மினலைக் கண்டால் கை நடுங்கும் நண்பருக்கு நான் கம்போஸைச் சொல்வதில்லை, இதைத்தான் சொல்கிறேன்.

'சொந்த சர்வர்' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். நாம் இழுக்கும் இமேஜ்களில் பல, டாக்கர் நிறுவனத்தின் டாக்கர் ஹப் என்ற கிடங்கிலிருந்து வருகின்றன. 2023 மார்ச்சில் அந்நிறுவனம் குழுக்களுக்கான இலவசக் கணக்கை நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் பின்வாங்கியது. இணைய இணைப்பும் நம் கையில் இல்லை. ரௌட்டரில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்திருக்கிறது என்று பொருள். போர்ட் ஃபார்வர்டிங்கோடு எவ்வளவு மல்லுக்கட்டினாலும் வெளியிலிருந்து நேராக வீட்டுக்கு வர முடியாது. டெயில்ஸ்கேல் போன்ற ஒரு சுரங்கப்பாதை தேவை.

இம்மிச் தினமும் அதிகாலை 2 மணிக்குத் தரவுத்தளத்தின் நகலை எடுத்து, கடைசி 14ஐ வைத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அவை படங்கள் இருக்கும் அதே ஃபோல்டருக்குள், ஆகவே அதே டிஸ்கில்தான் விழுகின்றன. போன மாதம் அந்த ஃபோல்டரை வெளி டிஸ்கில் நகலெடுத்து, கம்போஸ் கோப்போடு வேறொரு கணினிக்குக் கொண்டுபோனேன். தரவுத்தளத்தை மீட்க ஒரு மாலை முழுக்கப் போனது. முதல் முயற்சியில் பதிப்பு எண் ஒத்துவரவில்லை. இரண்டாவதில் ஆல்பங்கள் வந்தன, முகங்களுக்கு நான் வைத்த பெயர்களும் வந்தன. அம்மாவின் பெயருக்குக் கீழே மட்டும் சித்தியின் படங்கள் சில கலந்திருந்தன. பழைய கணினியிலும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான் இருந்தது.